உள்ளே தாழிட்ட வீடு



பதினாறு வயது மகள் மீது கொலைப்பழி விழுந்தால் ஒரு குடும்பம் என்ன ஆகும்? இதைப் பொதுவாகப் பேசினால் ஆளுக்கொரு அறிவுரை சொல்லிவிட்டுக் கலைந்துவிடுவோம். அதனால் ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்துக் குடும்பம். நடந்து 160 ஆண்டுகளுக்கு மேலாகிறது. சம்பந்தப்பட்டவர்களில் யாரும் இன்று இல்லை. சாட்சியங்களும் கடிதங்களும் பத்திரிகைச் செய்திகளும் எவரும் படிக்கும்படி இருக்கின்றன. நம் ஊரில் இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒரு வழக்கின் பிள்ளையை மேடையில் நிறுத்திப் பேச எனக்கு மனம் வரவில்லை. சட்டமும் அதற்கு இடம் தராது.

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் எல்லையில் ட்ரோபிரிட்ஜ் என்ற நெசவாலை நகரத்துக்குப் பக்கத்தில் ரோடு என்று ஒரு சிற்றூர். அந்த ஊரின் பெயரே ரோடுதான். அங்கே ரோடு ஹில் ஹவுஸ் என்ற பெரிய வீட்டில் சாமுவேல் கென்ட் குடும்பத்தோடு வாழ்ந்தார். தொழிற்சாலைத் துணை ஆய்வாளர். கம்பளி ஆலைகளில் சிறுபிள்ளைகளைச் சட்டம் மீறி வேலை வாங்குகிறார்களா என்று போய்ப் பார்ப்பது அவர் உத்தியோகம். ஆலை முதலாளிகளுக்கு அவரைப் பிடிக்காது. பிள்ளைகளின் கூலியை நம்பி அடுப்பெரித்த ஏழைத் தொழிலாளிகளுக்கும் பிடிக்காது. ஊருக்குள் அவருக்கென்று பேச ஆள் குறைவு. இதை நினைவில் வையுங்கள். ஒரு வீட்டின் மேல் பழி விழும்போது அதுவரை ஊர் மனதுக்குள் அடக்கிவைத்திருந்ததெல்லாம் வெளியே வரும்.

அவருடைய முதல் மனைவி மேரி ஆன் பத்துப் பிள்ளைகள் பெற்றவர், அவர்களில் பலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். அவருக்குச் சித்தம் சரியில்லை என்று கணவர் சொல்லிவந்தார். மூத்த பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த ஆசிரியை மேரி ப்ராட் மெல்ல மெல்ல வீட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். 1852இல் முதல் மனைவி இறந்தார். மறு ஆண்டே ஆசிரியை இரண்டாம் மனைவியானார், அவருக்கும் பிள்ளைகள் பிறந்தன.

அந்த வீட்டின் அறைகள் எப்படிப் பிரிந்திருந்தன என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். தாய் தகப்பனும் இளையாளின் குழந்தைகளும் முதல் மாடியில் படுத்தார்கள். மூத்தாளின் பிள்ளைகள் அதற்கும் மேலே, வேலைக்காரப் பெண்கள் படுக்கும் தளத்தில் படுத்தார்கள். அங்கே ஒரு சிறிய அறையில் தனியாக இருந்தவள் கான்ஸ்டன்ஸ். 1844 பிப்ரவரியில் பிறந்தவள். அவளுக்கு ஒரு வயது இளையவன் வில்லியம். இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் போலப் பழகினார்கள். 1856இல் இரண்டு பேரும் வீட்டை விட்டு ஓடிப்போயிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் தன் தலைமுடியை வெட்டி எறிந்துவிட்டு, பையன் உடை உடுத்தி, தம்பியைக் கூட்டிக்கொண்டு பாத் நகரம் வரைக்கும் நடந்தே போனாள். பிடித்துக்கொண்டுவந்தார்கள். அவள் ஏன் ஓடினாள் என்று அந்த வீட்டில் யாராவது உட்கார்ந்து கேட்டார்களா? கேட்டதாக எங்கும் காணோம். தண்டித்தார்கள், பிறகு வேறு பள்ளிக்கூட விடுதிக்கு அனுப்பினார்கள். அவளோடு படித்த பெண்கள் பின்னால் சாட்சி சொன்னார்கள். சித்தியின் பிள்ளைகளுக்குத்தான் வீட்டில் செல்லம், குழந்தையின் தள்ளுவண்டியைத் தம்பி வில்லியமைத் தள்ளச் சொல்கிறார்கள் என்று அவள் குறைபட்டாளாம். சின்னக் குறைதான். ஆனால் அம்மாவை இழந்த பிள்ளைக்கு எது சின்னது, எது பெரியது என்று நாம் அளந்து சொல்ல முடியாது.

1860 ஜூன் 29, வெள்ளிக்கிழமை இரவு. இளையாளின் மகன் சேவில், நான்கு வயதுகூட நிறையாத குழந்தை, தாதி எலிசபெத் கஃப் படுத்திருந்த அறையில் தன் தொட்டில் கட்டிலில் தூங்கினான். காலையில் கட்டில் காலி. தாய் தூக்கிப் போயிருப்பார் என்று தாதி நினைத்தாள், தாய்க்கோ ஒன்றும் தெரியாது. கீழே வரவேற்பறைச் சன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. தேடிப்போன ஊர்க்காரர் இருவர், தோட்டத்தில் வேலைக்காரர்களுக்காக இருந்த கழிப்பிடத்துக்குள் குழந்தையின் உடலைக் கண்டெடுத்தார்கள். கழுத்து அறுபட்டிருந்தது. அதற்குமேல் விவரம் வேண்டாம்.

கதவுகள் உள்ளே தாழிட்டவை. சன்னலையும் உள்ளிருந்துதான் திறந்திருக்க வேண்டும். அப்படியானால் அன்றிரவு அந்தக் கூரைக்குக் கீழே தூங்கிய ஒருவர்தான் இதைச் செய்தவர். இன்று நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. வெளியாள் செய்த குற்றம் என்றால் குடும்பம் ஒன்றுகூடி அழும். உள்ளாள் செய்தது என்று தெரிந்த நிமிடத்திலிருந்து, ஒருவரைக் காப்பாற்றச் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் இன்னொருவரைக் காட்டிக்கொடுக்கும் வார்த்தையாகிவிடுகிறது. 'என் மகள் செய்யவில்லை' என்று தகப்பன் சொன்னால், பிறகு யார்? தாதியா? மகனா? நீயா? அந்தக் கேள்வி சொல்லாமலே தொக்கி நிற்கும்.

சாமுவேல் கென்ட் அந்தப் பொறியில் சிக்கினார். உடல் கிடைத்த நாளின் இரவு காவலுக்கு வந்த போலீஸ்காரர் இருவரைச் சமையலறையில் வைத்து வெளியே தாழிட்டார். ஏன் என்பதற்கு அவர் சொன்ன காரணம் யாருக்கும் சமாதானமாகப் படவில்லை. மானத்துக்கு அஞ்சியவரா, மறைக்க முயன்றவரா, இல்லை பிள்ளையைப் பறிகொடுத்து நிலைகுலைந்து நின்றவரா? மூன்றும் ஒருவரிடமே ஒரே இரவில் இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஊர் அப்படி நினைக்கவில்லை. தகப்பனும் தாதியும் கூடியிருந்ததைக் குழந்தை பார்த்துவிட்டது, அதனால் கொன்றார்கள் என்று ஊர் பேசியது. சார்லஸ் டிக்கன்ஸ்கூட நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அப்படித்தான் ஊகித்தார். மனித மனத்தை அவ்வளவு அறிந்த எழுத்தாளரே, தான் பார்த்தறியாத ஒரு வீட்டைப் பற்றி அவ்வளவு உறுதியாக எழுத முடிந்திருக்கிறது.

உள்ளூர்ப் போலீசுக்கு வழக்கு பிடிபடவில்லை. லண்டன் ஸ்காட்லாந்து யார்டிலிருந்து இன்ஸ்பெக்டர் ஜோனதன் விச்சர் வந்தார். 1842இல் துப்பறியும் பிரிவைத் தொடங்கியபோது சேர்ந்த முதல் எட்டுப் பேரில் ஒருவர். அவர் கண் ஒரு துணிக் கணக்கில் போய் நின்றது. கான்ஸ்டன்ஸிடம் மூன்று இரவு உடைகள் இருக்க வேண்டும், இரண்டுதான் இருந்தன. வெளுக்கப் போட்டது தொலைந்துவிட்டது என்றார்கள். வெளுக்கிறவளோ அது தன்னிடம் வரவே இல்லை என்றாள். இதை வைத்து ஜூலை 20ஆம் தேதி பதினாறு வயதுப் பெண்ணைக் கைதுசெய்தார். அவள் சொன்னதெல்லாம் தான் குற்றமற்றவள் என்பது மட்டும்தான். அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டத்தில் குற்றம்சாட்டப்பட்டவர் தன் வழக்கில் தானே சாட்சிக் கூண்டேறிப் பேச உரிமை கிடையாது. அந்த உரிமை 1898இல்தான் வந்தது. ஊர் முழுக்க அவளைப் பற்றிப் பேசலாம், அவள் மட்டும் பேசக்கூடாது.

ஒரு வாரம் சிறை. ஜூலை 27 அன்று ஊர்ப் பொது மண்டபத்தில் விசாரணை. தகப்பன் மகளுக்காக பிரிஸ்டலிலிருந்து எட்லின் என்ற வழக்கறிஞரை அமர்த்தினார். பள்ளித் தோழியைக் கூண்டில் ஏற்றி, அவளிடம் இவள் மனம்விட்டுச் சொன்ன வீட்டுக் குறைகளைச் சபையில் கேட்டார்கள். வழக்கறிஞர் விச்சரைக் கிழித்தெடுத்தார். ஒரு கண்ணியமான வீட்டுப் பெண்ணின் உள்ளாடையைத் தேடி அலையும் ஆள் என்று பத்திரிகைகளும் அவரை ஏசின. மாஜிஸ்திரேட்டுகள் அவளை 200 பவுண்டு பிணையில் விட்டார்கள். வழக்கு அத்தோடு நின்றது.

தகப்பன் செய்ததைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். மகளுக்கு வழக்கறிஞர் வைப்பது அவர் கடமை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த மண்டபத்தில் மகள் விடுதலையான அதே நிமிடத்தில் அந்த வீட்டில் இருந்த மற்ற எல்லோர் மீதும் சந்தேகம் ஏறி உட்கார்ந்தது. அதை அதிகமாகச் சுமந்தவள் தாதி எலிசபெத் கஃப். ரொட்டிக்கடைக்காரர் ஒருவரின் மகள், பிழைப்புக்காக அந்த வீட்டுக்கு வந்தவள். இரண்டு முறை காவலில் வைத்தார்கள், இரண்டு முறையும் ஆதாரம் இல்லையென்று விட்டார்கள். குடும்பத்தின் பிள்ளைக்குத் தகப்பன் இருந்தார், பணம் இருந்தது. கூலிக்கு வந்தவளுக்கு என்ன இருந்தது? இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் அவளை இரண்டு வரியில் கடந்துபோகும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. வீட்டுக்குள் குற்றம் நடந்தால் முதலில் சந்தேகப்படுவது வேலைக்காரப் பெண்ணைத்தான். அது அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

விச்சரின் கதையும் பரிதாபம். தான் கண்டது சரி என்று கடைசிவரை நம்பினார், யாரும் ஏற்கவில்லை. உடலும் மனமும் தளர்ந்து 1864இல் பணியிலிருந்து ஓய்வுபெற்றார்.

வீடு என்ன ஆயிற்று? 1861இல் சாமான்களை ஏலம் போட்டார்கள், அதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. சாமுவேல் கென்ட் எதிர்பார்த்த பதவி உயர்வு கிடைக்கவில்லை. கடைசியில் வேல்ஸ் பக்கம் குடிபெயர்ந்தார். மகளை பிரான்சில் தினான் என்ற ஊருக்கு அனுப்பிவைத்தார். கண்ணுக்கு மறைவாக இருந்தால் பேச்சு அடங்கும் என்று நினைத்திருக்கலாம். நம் வீடுகளிலும் இதுதானே வழக்கம்? பெரியம்மா வீட்டுக்கு, சென்னை விடுதிக்கு, துபாயில் இருக்கும் மாமாவிடம் என்று அனுப்பிவிடுகிறோம். அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அது பாதுகாப்பாகத் தெரிகிறதா, நாடு கடத்தலாகத் தெரிகிறதா என்று கேட்பதில்லை. ஐந்து ஆண்டுகள் அந்தக் குடும்பத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்தார்கள், சாப்பாட்டு மேசையில் என்ன பேசினார்கள், இறந்த குழந்தையின் தாய் மேல்மாடிப் பிள்ளைகளை எந்த மனதோடு எதிர்கொண்டார்? சட்டப் பதிவேடுகளில் அதற்கு இடமில்லை. ஆனால் உண்மையான தண்டனைக் காலம் அதுதான். நீதிமன்றம் யாருக்கும் தண்டனை விதிக்கவில்லை, வீட்டில் அத்தனை பேரும் அனுபவித்தார்கள்.

1863இல் கான்ஸ்டன்ஸ் இங்கிலாந்து திரும்பி பிரைட்டன் நகரில் ஒரு சமயச் சகோதரிகளின் இல்லத்தில் சேர்ந்தாள். அங்கே ஆர்தர் வாக்னர் என்ற பாதிரியாரிடம் பாவமன்னிப்பு கேட்டாள். 1865 ஏப்ரல் 25, லண்டன் பவ் தெரு நீதிமன்றத்துக்குக் கறுப்பு உடையில் வந்து, குழந்தையைக் கொன்றது தான்தான், யாரும் உதவவில்லை, முன்னும் பின்னும் யாருக்கும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தாள். அப்போது அவளுக்கு 21 வயது.

ஜூலை 21, சாலிஸ்பரி நகரில் வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் சில நிமிடங்களில் முடிந்தது. அவளுடைய வழக்கறிஞர் கோல்ரிட்ஜ் எழுந்து, அவள் சார்பில் இரண்டே செய்திகள் சொன்னார். குற்றம் முழுக்க அவளுடையது, ஆகவே இத்தனை ஆண்டு சந்தேகத்தைச் சுமந்த தகப்பன் முதலானவர்கள் மீதிருந்த பழியை அவள் நீக்க விரும்புகிறாள். இரண்டாவது, வீட்டில் யாரும் அவளைக் கொடுமைப்படுத்தி இதற்குத் தள்ளவில்லை, அன்பாகத்தான் நடத்தினார்கள். நீதிபதி வில்ஸ் மரண தண்டனை வாசிக்கும்போது குரல் உடைந்து அழுதார். சில நாளில் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

அந்த இரண்டாவது செய்தியை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தூக்குக்கயிறு முன்னால் நிற்கும் பெண், தண்டனை குறையக் கூடிய ஒரே காரணத்தைத் தானே வேண்டாம் என்று விலக்குகிறாள். அவளைப் பரிசோதித்த மருத்துவர் பக்னில் பின்னால் வெளியிட்ட விளக்கத்தில் வேறொன்று இருக்கிறது. குழந்தை மேல் அவளுக்குக் கோபமே இல்லை, தன் தாயின் பிள்ளைகளைச் சித்தி இழிவாகப் பேசியதுதான் ஆறவில்லை என்று. 1929இல் சிட்னியிலிருந்து இங்கிலாந்துப் பதிப்பாளர் ஒருவருக்குக் கையெழுத்தில்லாமல் ஒரு நீண்ட கடிதம் போயிற்று. அவளே எழுதியது என்று பலர் கருதும் கடிதம். அந்த வீட்டின் சிறுவயது நாட்களை அது அன்பு நிறைந்ததாகக் காட்டவில்லை. அப்படியானால் சாலிஸ்பரியில் அவள் சொல்லச் சொன்னது முழு உண்மையா? நான் அப்படி நம்பவில்லை. குடும்பத்துக்குத் தேவைப்பட்டதை அவள் கொடுத்தாள் என்றே நம்புகிறேன். ஐந்து ஆண்டு தகப்பன் செய்ய முயன்று தோற்ற வேலையை, ஒருவரைக் காட்டிக்கொடுக்காமல் மற்றவர்களைக் காப்பாற்றும் வேலையை, அவள் தன்னையே கொடுத்து முடித்தாள்.

இன்னும் ஒரு சந்தேகம் நிலுவையில் இருக்கிறது. உடலில் இருந்த ஒரு குத்துக்காயம் அவள் சொன்ன சவரக்கத்தியால் ஆகக் கூடியதல்ல என்பது உடலைப் பார்த்த மருத்துவரின் கருத்து. தம்பி வில்லியமும் உடந்தையாக இருந்திருக்கலாம், அவனைக் காக்கவே எல்லாவற்றையும் அவள் தன் மேல் போட்டுக்கொண்டாள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கேட் சம்மர்ஸ்கேல் 2008இல் எழுதிய நூலில் இந்த வாதம் விரிவாக இருக்கிறது. நிரூபணம் இல்லை. தம்பி பெரிய இயற்கை விஞ்ஞானி ஆனார். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டைப் பற்றி 1893இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் மதிக்கப்படுகிறது.

இருபது ஆண்டு சிறை. 1885இல் விடுதலை. மறு ஆண்டு தம்பி இருந்த ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினாள். ரூத் எமிலி கே என்று பெயரை மாற்றிக்கொண்டாள். மெல்பர்னில் டைபாய்டு பரவியபோது செவிலிப் பணிக்குத் தானாக முன்வந்தாள், பிறகு முறையாகப் பயிற்சி பெற்றாள். சிட்னி அருகே தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டாள். அதன்பின் பாரமட்டா என்ற ஊரில் சட்டத்தின் கண்ணில் பட்ட சிறுமிகளை அடைத்துவைக்கும் பள்ளியில் மேற்பார்வையாளராகச் சுமார் பத்தாண்டு வேலை பார்த்தாள். அந்தச் சிறுமிகளுக்கு அவள் யார் என்று தெரியாது. அவளுக்கு அவர்கள் யார் என்று எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். 1944 ஏப்ரலில், நூறு வயது நிறைந்து, அவள் இறந்தாள்.

நான் சிறார் வழக்குகளில் நிற்கும் வழக்கறிஞர் என்பதால் முடிவாகச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். 1860இல் பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தனி நீதிமன்றம் கிடையாது, தூக்கு உண்டு. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதினெட்டு நிறையாத எவரையும் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் கொலை போன்ற கொடுங்குற்றம் என்றால், பெரியவர் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் ஆராயும். அப்படி விசாரித்தாலும் மரண தண்டனையும் விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் விதிக்க முடியாது. பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக்கூடாது, வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து குடும்பச் சூழலைக் கேட்டு அறிக்கை எழுதுவார். அவரைக் கண்டு அஞ்சிப் பெற்றோர் பலர் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். ரோடு ஹில் வீட்டில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்கத்தான் சட்டம் அவரை அனுப்புகிறது. வீட்டில் பிளவு இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். அது பிள்ளைக்கு எதிரான சாட்சியம் அல்ல, பிள்ளையைப் புரிந்துகொள்ள உதவும் செய்தி.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் மீது சந்தேகம் என்றால் இருவருக்கும் தனித்தனி வழக்கறிஞர் கேளுங்கள். வீட்டில் வேலை செய்யும் பெண் மீது சந்தேகம் விழுந்தால் அவளுக்கும் அந்த எண்ணைக் கொடுங்கள்.